மதிப்பெண் கூடினால் திட்டம் வென்றதா? வளரிளம் பருவ இனப்பெருக்க நலத் தகவல் ஆய்வுகளை அளக்கும் முறை

#1 · மருதன்

வளரிளம் பருவத்தினருக்கான இனப்பெருக்க நலத் திட்டங்களின் மதிப்பீட்டு அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன. வகுப்புக்கு முன் ஒரு கேள்வித்தாள், பின் அதே கேள்வித்தாள், மதிப்பெண் கூடியிருக்கிறது, எனவே திட்டம் பலன் தந்தது என்கிறார்கள். இந்த முடிவை ஏற்க முடியாது என்பது என் நிலைப்பாடு. அதற்கான வலுவான சான்று தான்சானியாவில் இருக்கிறது.

முவான்சா பகுதியின் கிராமங்களில் நடந்த 'மெமா குவா விஜானா' திட்டத்தை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 20 சமூகங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதியில் மட்டும் திட்டம் நடந்தது. 1998 இறுதியில் 9,645 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். தொடக்கப்பள்ளியின் 5 முதல் 7 வரையான வகுப்புகளில் ஆசிரியர்கள் நடத்திய பாடம், இளையோரை மதித்து நடத்த சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி, இளைஞர்கள் வழியாக ஆணுறை விநியோகம், ஊர் மக்களிடையே நிகழ்ச்சிகள் என நான்கு அங்கங்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் அறிவு நன்றாகக் கூடியிருந்தது, மனப்பான்மையும் மாறியிருந்தது. ஆனால் எச்ஐவி, எச்எஸ்வி-2 (பிறப்புறுப்பு ஹெர்பிஸை உண்டாக்கும் வைரஸ்), கர்ப்பம் எதிலும் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 2007-08ல் 15 முதல் 30 வயதுவரையான 13,814 பேரைத் திரும்பச் சோதித்தார்கள். அப்போதும் அதே நிலைதான்: அறிவு மிச்சமிருந்தது, தொற்று குறையவில்லை.

இரத்த மாதிரி எடுக்காமல் விட்டிருந்தால் இது ஆப்பிரிக்காவின் முன்மாதிரித் திட்டமாக எழுதப்பட்டிருக்கும். பள்ளி அளவிலான ஒரு தகவல் திட்டத்தை இன்று மதிப்பிட வேண்டுமென்றால் எதை அளக்க வேண்டும், எப்படி அளக்க வேண்டும்? விரிவாகப் பேசலாம்.

#2 · எண்கணக்கன்

மருதன் சார், நீங்கள் சொல்வது சரி. ஆனால் எல்லாரும் ஏன் மதிப்பெண்ணோடு நின்றுவிடுகிறார்கள் என்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. கணக்கைப் பாருங்கள்.

சரியாகப் பதில் சொல்பவர்கள் 50 சதவீதத்திலிருந்து 60 ஆவதைக் கண்டறிய (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5%, இருக்கும் வேறுபாட்டைப் பிடிக்கும் வாய்ப்பு 80%) ஒரு தரப்புக்கு ஏறத்தாழ 385 பேர் போதும். ஓராண்டில் கர்ப்பமாகும் பெண்கள் 5 சதவீதத்திலிருந்து 4 ஆவதைக் கண்டறிய ஒரு தரப்புக்கு 6,735 பேர் வேண்டும். இதுவும் தனி ஆட்களைக் குலுக்கினால்தான். நாம் குலுக்குவது பள்ளிகளை. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள், அதனால் 1 + (ஒரு பள்ளியில் எடுக்கும் எண்ணிக்கை − 1) × ஒப்புமைக் கெழு (ஒரே பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண்) என்ற காரணியால் பெருக்க வேண்டும்.

பள்ளிக்கு 50 பேர் என்று வையுங்கள். கெழு 0.02 என்றால் காரணி 1.98, 385 என்பது 762 ஆகும், தரப்புக்கு 16 பள்ளிகள். கர்ப்பத்துக்குக் கெழு 0.01 என்று தாராளமாகக் குறைத்துக்கொண்டாலும் காரணி 1.49, தரப்புக்கு 10,000 பேருக்கு மேல், 200 பள்ளிகளுக்கு மேல். ஒரு மாவட்டத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தால் இது ஆகிற காரியமா?

#3 · பொருநை

இடையில் ஒன்று. அறிவுக் கேள்விகளுக்கு 0.02 மிகக் குறைவு. ஒரே ஆசிரியர், ஒரே பாடம், சில சமயம் ஒரே விடைத்தாளைப் பார்த்து எழுதுவது. 0.1 போட்டால்தான் பாதுகாப்பு.

#4 · எண்கணக்கன்

ஒப்புக்கொள்கிறேன். அப்போது காரணி 5.9. 385 என்பது 2,272 ஆகிவிடும், தரப்புக்கு 46 பள்ளிகள். 16 பள்ளியில் நடத்தி "வேறுபாடு இல்லை" என்று எழுதுகிற அறிக்கைகளில் பாதிக்கு இதுதான் கதை. வேறுபாடு இருந்திருக்கலாம், பார்க்கும் திறன் ஆய்வுக்கு இல்லை.

#5 · தாமரைச்செல்வி

கர்ப்பத்தையோ தொற்றையோ அளக்க முடியாது, ஆகவே நடத்தையைக் கேட்டு எழுதிக்கொள்வோம் என்பதுதான் அடுத்து எல்லாரும் எடுக்கும் முடிவு. "கடந்த ஆறு மாதத்தில் உடலுறவு கொண்டதுண்டா, ஆணுறை பயன்படுத்தியதுண்டா?" இதில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. அதே முவான்சா ஆய்வின் ஒரு பகுதியாக மேரி பிளம்மரும் குழுவினரும் 2004ல் வெளியிட்ட கட்டுரை இதற்காகவே எழுதப்பட்டது. ஐந்து முறைகளை ஒப்பிட்டார்கள்: உயிரியல் சோதனை, நேர்முகக் கேள்வித்தாள், உதவியோடு தானே நிரப்பும் கேள்வித்தாள், ஆழ்நேர்காணல், ஊரில் தங்கிக் கவனித்தல்.

1998ன் இரண்டு கேள்வித்தாள்களிலும் சேர்த்து "உறவு கொண்டதுண்டு" என்று சொன்னவர்களில், ஆண்களில் 38%, பெண்களில் 59% பேர் ஏதோ ஒன்றில் மட்டுமே அப்படிச் சொன்னவர்கள். உடலுறவு நடந்ததற்கான உயிரியல் சான்று கையில் இருந்தவர்களிலேயே, இரண்டிலும் "உண்டு" என்றே சொன்னவர்கள் ஆண்களில் 58%, பெண்களில் 29%. ஆழ்நேர்காணலில் கலந்துகொண்ட, பால்வினைத் தொற்று இருந்த ஆறு பெண்களில் நான்கு கணக்கெடுப்புகளில் எதிலாவது உண்மையைச் சொன்னவர் ஒருவர்தான். அதே ஆறு பேரில் ஐந்து பேர் ஆழ்நேர்காணலில் சொன்னார்கள்.

பதில் தவறாக இருப்பது மட்டும் சிக்கல் இல்லை. தவறு இரு தரப்பிலும் சமமாக இருந்தால் விளைவு மங்கும், அவ்வளவுதான். "திருமணம்வரை காத்திரு" என்று ஓராண்டு கேட்ட பெண், கேட்காத பெண்ணைவிடக் கூடுதலாக மறைப்பாள். அப்போது திட்டம் மாற்றியது நடத்தையையா, கேள்விக்குச் சொல்லும் பதிலையா என்று கேள்வித்தாளை வைத்துப் பிரிக்கவே முடியாது. தகவல் திட்டங்களின் மதிப்பீட்டில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

#6 · கரிசல்காட்டான்

கணினியில் காதுக்கருவி வைத்துக் கேட்டால் உண்மை சொல்வார்கள் என்கிறார்களே அக்கா?

#7 · தாமரைச்செல்வி

பாதி உண்மை. கென்யாவின் கிசுமு பகுதியில் மென்ஷ், ஹியூவெட், எருல்கர் மூவரும் செய்த சோதனை 2003ல் வெளியானது. திருமணமாகாத இளையோரை நேர்முகம், தானே நிரப்பும் தாள், காதுக்கருவியோடு கணினி எனக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பல பேரோடு உறவு, முன்பின் தெரியாதவரோடு உறவு, கட்டாயப்படுத்தப்பட்ட உறவு போன்ற கடுமையான கேள்விகளுக்குக் கணினியில் "ஆம்" கூடியது. "எப்போதாவது உறவு கொண்டதுண்டா", "காதலரோடு உறவுண்டா" போன்றவற்றுக்கு எதிர்பார்த்ததற்கு மாறாக நேர்முகத்தில்தான் பொதுவாகக் கூடுதலாக "ஆம்" வந்தது. கருவி மாறினால் எல்லா எண்ணும் ஒரே திசையில் நகரும் என்று நம்ப முடியாது.

செலவு குறைந்த வழி ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 2006-07ல் மும்பையின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் 50,848 இளையோரிடம் நடத்திய ஆய்வில், நேர்காணல் முடிந்த பிறகு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிய கேள்விக்கான விடையைத் தனியே குறித்து உறையில் ஒட்டித் தரச் சொன்னார்கள். உறையில் பெயர் இருக்காது, இணைப்பு எண் மட்டும். வாய்விட்டு இல்லை என்றவர்களில் சிலர் உறைக்குள் ஆம் என்று குறித்தார்கள்.

இதைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை: வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் உள்ளே தெரியாத கெட்டி உறை வேண்டும். எல்லாருக்கும் ஒரே நிறப் பேனா. விடை "ஆம்" ஆனாலும் "இல்லை" ஆனாலும் ஏதாவதொரு கட்டத்தில் குறி போடும்படி அட்டை இருக்க வேண்டும். ஆம் என்பவர் மட்டும் எழுத வேண்டியிருந்தால் பேனா அசைவதைப் பார்த்தே பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இரண்டு படங்கள். உறைகள் சேரும் பெட்டியில் ஏற்கெனவே சில உறைகள் இருக்க வேண்டும், முதல் ஆளின் உறை தனியாகக் கிடக்கக் கூடாது.

இன்னொன்று. "உறவு கொண்டதுண்டா?" என்பதை வடிகட்டும் கேள்வியாக முதலில் வைத்து, இல்லை என்றால் அடுத்த இருபது கேள்வியைத் தாண்டச் சொல்கிறார்கள். முதலில் முடித்தவர் வெளியே போய் "இல்லைனு சொல்லு, சீக்கிரம் விட்ருவாங்க" என்று மற்றவர்களிடம் சொல்லிவிடுவார். இல்லை என்பவருக்கும் அதே எண்ணிக்கையில் வேறு கேள்விகள் வைத்து நேரத்தைச் சமமாக்குங்கள்.

#8 · பொருநை

அறிவுக் கேள்விகளை முற்றிலும் தள்ளிவிட வேண்டாம், அவற்றின் தரத்தைக் கூட்டலாம். சரி/தவறு வகைக் கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் பாதி மதிப்பெண். "தெரியாது" என்ற விடையைக் கட்டாயம் வையுங்கள். "கருத்தடை முறைகள் மூன்றைக் கூறு" என்பது தேர்வுக்கான கேள்வி. "நேற்று இரவு ஆணுறை கிழிந்துவிட்டது என்று தோழி சொல்கிறாள். அவள் எங்கே போக வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள்?" என்பது வாழ்க்கைக்கான கேள்வி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையின் 72 மணி நேரக் கெடு, அருகிலுள்ள சுகாதார நிலையம் எங்கே, எப்போது திறந்திருக்கும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் முழு மதிப்பெண். இப்படிக் கேட்டால் முதல் கணக்கெடுப்பில் மதிப்பெண் மிகக் குறைவாக வரும், பயப்பட வேண்டாம்.

#9 · மருதன்

அளவீட்டிலிருந்து உள்ளடக்கத்துக்கு வருவோம். எதைச் சொன்னார்கள் என்பதும் முடிவை மாற்றுகிறது. மேற்கு கென்யாவில் பாஸ்கலின் டூப்பாஸ் 328 தொடக்கப்பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2011ல் வெளியானது. ஒரு பகுதிப் பள்ளிகளில் நாட்டின் எச்ஐவி பாடத்திட்டத்தை நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அது திருமணம்வரை விலகியிருக்கச் சொல்லும் பாடம். பதின்வயதுப் பிள்ளைப்பேறு குறையவில்லை. 71 பள்ளிகளில் 8ஆம் வகுப்புக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். சிறு படம் ஒன்றைக் காட்டி, எந்த வயது ஆண்களிடம் தொற்று எவ்வளவு என்று கரும்பலகையில் வயதுவாரியாக எழுதிக் காட்டினார். மொத்தம் 40 நிமிடம். தம் வயதுப் பையன்களைவிடக் கையில் பணத்தோடு வரும் வயதில் மூத்த ஆண்களிடம் ஆபத்து பல மடங்கு என்பது அந்தப் பலகையிலேயே தெரிந்தது. அடுத்த ஓராண்டில் பிள்ளைப்பேறு 28% குறைந்தது. மூத்த ஆண்களால் நேர்ந்த பிள்ளைப்பேறு 61% குறைந்தது. சம வயதினரால் நேர்ந்தது கூடவில்லை.

"விலகியிரு" என்ற பொதுக் கட்டளையைவிட, எந்தத் தெரிவில் எவ்வளவு ஆபத்து என்ற குறிப்பான தகவல் வேலை செய்திருக்கிறது. விளைவாக அளந்ததும் குழந்தை பிறந்ததா என்பதை. அதை மறைப்பது கடினம்.

#10 · அல்லி

இதை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு நாட்டில் நடத்தலாம் என்று யாரும் எண்ணக் கூடாது. போட்ஸ்வானாவில் 'யங் லவ்' அமைப்பு இதே உத்தியைக் குலுக்கல் முறையில் சோதித்தது. தம் வயதுக்குச் சற்றே மூத்த, பயிற்சி பெற்ற இளைஞர்கள் வந்து நடத்திய இடங்களில் குறுகிய காலத்தில் கர்ப்பம் குறைந்தது. அதே பாடத்தை அரசு ஆசிரியர்கள் நடத்திய இடங்களில் குறையவில்லை. நாடு முழுக்க விரிவாக்க ஆசிரியர்கள்தான் வழி, அந்த வழி பலன் தரவில்லை என்றதும் விரிவாக்கத்தை நிறுத்திக்கொண்டார்கள். அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். பணமும் ஆளும் கையில் இருக்கும்போது நிறுத்துவது எளிதல்ல.

#11 · கரிசல்காட்டான்

ஆனால் சக இளையோர் வழிக் கல்வி வேலை செய்யாது என்றும் கட்டுரை இருக்கிறதே? உலக சுகாதார நிறுவனத்தின் வெங்கட்ராமன் சந்திரமௌலி இன்னும் இருவரோடு 2015ல் எழுதியது. இளையோர் மையம், சக இளையோர் கல்வி, ஒருநாள் கூத்தாக நடக்கும் பெரிய கூட்டம் மூன்றுக்கும் பணம் போவதை அதில் கேள்வி கேட்டார்கள். போட்ஸ்வானா முடிவு இதற்கு எதிரா?

#12 · அல்லி

எதிர் இல்லை என்று நினைக்கிறேன். அந்தக் கட்டுரை குறிப்பிடும் சக இளையோர் கல்வி என்பது பெரும்பாலும் அதே வகுப்பில் இருவரைப் பொறுக்கி, சில நாள் பயிற்சி கொடுத்து, ஊதியமில்லாமல் நண்பர்களிடம் பேசச் சொல்வது. அதில் அதிகமாக மாறுவது பயிற்சி பெற்ற அந்த இருவர்தான். அந்தப் பிள்ளைக்கு அடுத்த நாளும் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். கேள்வி கேட்டவள் ரகசியம் யாரிடம் போகும் என்ற பயம் வகுப்பு முழுக்க இருக்கும். போட்ஸ்வானாவில் வந்தவர் வெளியாள், பாடத்தை முழுமையாகக் கையில் வைத்திருந்தவர், முடித்துவிட்டுப் போய்விட்டார். கென்யாவிலும் அப்படித்தான். ஆசிரியர் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு: பணத்தோடு வரும் மூத்த ஆண் என்ற வரையறைக்குள் சில ஆசிரியர்களே வருவார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள்.

#13 · எண்கணக்கன்

பள்ளியில் மட்டும் போய் அளந்தால் யார் விடுபடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தான்சானியாவில் 2021 நவம்பர்வரை கர்ப்பமான மாணவி அரசுப் பள்ளியில் தொடர முடியாது. அங்கே இறுதிக் கணக்கெடுப்பைப் பள்ளியோடு நிறுத்தினால், எதை அளக்க வந்தோமோ அது நேர்ந்தவர்கள் யாரும் மாதிரியில் இருக்க மாட்டார்கள்.

கென்யாவின் அந்த 328 பள்ளிகளில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். முன்னறிவிப்பில்லாமல் பள்ளிக்குப் போய், தொடக்கப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயரையும் மேல் வகுப்புப் பிள்ளைகள் முன் வாசித்து, இன்னும் படிக்கிறாளா, திருமணமா, குழந்தை உண்டா, இப்போது கர்ப்பமா என்று கேட்டார்கள். ஒரு பகுதியை வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தார்கள். புள்ளிவிவரமாக நல்ல உத்தி.

#14 · தாமரைச்செல்வி

நம் ஊரில் இதை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்கக் கூடாது. ஒரு பெண்ணின் பெயரை வகுப்பு நடுவே வாசித்து அவள் கர்ப்பமா என்று கேட்பது, அந்தக் கேள்வியாலேயே அவளுக்குத் தீங்கு. வீட்டுக்குப் போய்த் தேடுவதுதான் வழி. செலவு பிடிக்கும், ஆனாலும் அதுதான் வழி. சேரும் நாளிலேயே இரண்டு உறவினர் தொடர்பு, அடையாளக் குறிப்பு எல்லாம் வாங்கி, எதற்காகத் தேடுகிறோம் என்பதை "இளையோர் நலக் கணக்கெடுப்பு" என்ற அளவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உயிரியல் சோதனை வைப்பவர்களுக்கும் சில குறிப்பு. சிறுநீர்ச் சோதனை அன்று கர்ப்பமாக இருப்பவரை மட்டுமே காட்டும். பெற்றவர், கலைத்தவர் விடுபடுவார்கள். எச்எஸ்வி-2 எதிர்ப்புப் பொருள் வாழ்நாள் முழுக்க இரத்தத்தில் இருப்பதால் மொத்தக் கணக்குக்கு நல்லது, ஆனால் தொற்றிய பின் தென்படச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகும். கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றைக் கண்டுபிடித்தால் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும். எச்ஐவி என்றால் ஆலோசனையும் மருந்துக்கான இணைப்பும் முதல் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும்.

#15 · நிழற்குடை

சட்டத்தைப் பேசாமல் இந்த இழையை யாரும் இந்தியாவில் பயன்படுத்த முடியாது. 2012ன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட எவரும் குழந்தை, சம்மதம் கணக்கில் வராது. பிரிவு 19ன்படி குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிரிவு 21ன்படி ஆறு மாதம்வரை சிறை. பதினாறு வயதுப் பெண்ணிடம் பெயர், முகவரியோடு "உறவுண்டா, யாரோடு?" என்று கேட்டு எழுதிக்கொள்ளும் களப்பணியாளர் அந்த நொடியே அதை அறிந்தவர் ஆகிறார். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது மருத்துவருக்கான பாதுகாப்பு. ஆய்வாளருக்கும் அது பொருந்தும் என்று நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடைமுறையில் மூன்று வழி. 18, 19 வயதினரிடம் பின்னோக்கிக் கேட்பது, இதிலும் சம்பவம் எந்த வயதில் என்று துல்லியமாகக் கேட்காமல் இருப்பது முதல் வழி. அடையாளமே இல்லாத உறை இரண்டாவது. தாமரைச்செல்வி அக்கா சொன்ன இணைப்பு எண் இருந்தால் அது அடையாளம் இல்லாததாகாது, எண்ணைப் பள்ளியோடு மட்டும் இணையுங்கள், ஆளோடு வேண்டாம். மூன்றாவது பட்டியல் முறை: ஒரு தரப்பினருக்கு நான்கு சாதாரண வாக்கியம், இன்னொரு தரப்பினருக்கு அதே நான்கோடு ஐந்தாவதாக வெளியே சொல்லக் கூசும் வாக்கியம், எத்தனை பொருந்தும் என்ற எண்ணிக்கை மட்டும் கேட்பது. இரண்டு சராசரிகளின் வித்தியாசம்தான் விடை. யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மாதிரி பல மடங்கு பெரிதாக வேண்டும். நான்கும் எல்லாருக்கும் பொருந்துவதாக அமைந்துவிட்டால் ஐந்து என்று சொல்பவர் தன்னைக் காட்டிக்கொடுத்தவர் ஆவார்.

ஒப்புதலில், ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டலின்படி பெற்றோர் ஒப்புதலோடு 7 முதல் 12 வயதுவரை பிள்ளையின் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து இசைவும் தேவை.

#16 · பொருநை

செல்பேசி வழித் திட்டம் பற்றி யாரும் பேசவில்லை. கானாவின் அக்ராவில் 2014ல் 38 பள்ளிகள், 14 முதல் 24 வயதுவரை 756 மாணவியர். ஒரு தரப்புக்கு இனப்பெருக்க நலத் தகவல் எஸ்எம்எஸ், ஒரு தரப்புக்கு வாரம் ஒரு வினா, சரியாகப் பதிலளித்தால் டாப்-அப் பரிசு. கட்டுப்பாட்டுத் தரப்புக்கு மலேரியா செய்தி. மூன்று மாதத்தில் வெறும் செய்தி பெற்றவர்களின் அறிவு 11 சதவீதப் புள்ளி கூடியது, வினா பெற்றவர்களுக்கு 24. கர்ப்பம் குறைந்ததாகவும் சொல்கிறார்கள், ஆனால் அது உறவு கொண்டதாகச் சொன்னவர்களுக்குள், அவர்களே சொன்ன கணக்கு. மேலே பேசியதை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணை நான் பாதிதான் நம்புவேன். 24ஐ முழுக்க நம்புவேன்.

தமிழில் செய்பவர்களுக்கு: தமிழ் எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறியீடுதான், நீண்டால் பகுதிக்கு 67. 'கொ' என்பது இரண்டு குறியீடு. நான்கு சொல்லிலேயே பாதி தீர்ந்துவிடும், செலவைக் கணக்கிடும்போது நினைவில் வையுங்கள். வீட்டில் ஒரே செல்பேசி என்றால் செய்தியை அப்பாவோ அண்ணனோ படிப்பார். கென்யா, தான்சானியாவில் 2010ல் தொடங்கிய எம்4ஆர்எச் என்ற எஸ்எம்எஸ் தகவல் சேவையில் பயனர் கேட்டால்தான் தகவல் வரும். அந்த முறை பாதுகாப்பானது. பெண்ணே தனக்கு வசதியான நேரத்தில் கேட்டு, படித்து, அழித்துக்கொள்ளலாம்.

#17 · மருதன்

எல்லாருக்கும் நன்றி. இதுவரை பேசியதை வைத்து ஒரு வரைவு: 60 பள்ளிகள், பாதிக்குப் பாதி குலுக்கல். பள்ளிக்கு 40 மாணவியர், மொத்தம் 2,400. வெளியாள் நடத்தும் நான்கு வகுப்புகள். முதன்மை விளைவு பொருநை சொன்ன வகைச் சூழல் கேள்விகள். இரண்டாவது, பள்ளிக்கு இணைத்த உறை. மூன்றாவது, ஓராண்டு கழித்துப் படிப்பை விட்டவர், மணமானவர் எண்ணிக்கை. கர்ப்பத்தை வெற்றியின் அளவாக அறிவிக்க மாட்டோம், எண்ணிக்கை போதாது. குறை இருந்தால் சொல்லுங்கள்.

#18 · எண்கணக்கன்

கெழு 0.1 என்று வைத்தால் உங்கள் 40 பேர் திட்டத்தில் கண்டறியக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு 12.5 சதவீதப் புள்ளி. பள்ளிக்கு 25 பேராகக் குறைத்தால் 13.2. முக்கால் புள்ளிகூட இழப்பில்லை, 900 நேர்காணல் மிச்சம். அந்தப் பணத்தை அப்படியே எடுத்து, இடையில் பள்ளியை விட்டுப் போன பெண்களை வீட்டுக்குப் போய்த் தேடும் வேலைக்கு ஒதுக்குங்கள். ஊர் மாறிப் போனவர்களையும் சேர்த்து நூற்றுக்குத் தொண்ணூறு பேரையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று களப்பணி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

#19 · தாமரைச்செல்வி

அந்தத் தேடலுக்குப் பெண் பணியாளர்களை, அதே ஊரைச் சேராதவர்களாகப் பார்த்து வையுங்கள். உள்ளூர் ஆள் வாசலில் நின்றாலே அக்கம்பக்கத்தில் கேள்வி வரும்.